மூன்றாம் படிவத்துக்குப் பிறகு: பள்ளியா, தொழிற்கல்லூரியா?

“நல்ல பையன்தானே சார், அவனை ஏன் அங்கே அனுப்பச் சொல்றீங்க?”

போன மாதம் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். கையில் தொழிற்கல்லூரி நேர்காணலுக்கு வரச் சொல்லும் தாள். பையிலிருந்து எடுத்து எடுத்து வைத்ததில் மடிப்பு நைந்து போயிருந்தது. கணவர் பிறையில் லோரி ஓட்டுகிறார். அன்றைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மகன் என் மூன்றாம் படிவ மாணவன், 15 வயது. கூட்டாளிகளோடு உட்கார்ந்து அவனே ஆன்லைனில் விண்ணப்பித்திருக்கிறான். நான்தான் அவன் மனத்தைக் கலைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அம்மா வந்திருந்தார்.

அவர் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. நல்ல பையன் பள்ளியில் இருப்பான், சரிப்படாதவன் தொழிற்கல்விக்குப் போவான் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தது எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். “இவனை வொக்கேஷனலுக்குத் தள்ளிவிடலாம்” என்று ஆசிரியர் அறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தள்ளிவிடுவது. அந்த ஒரு சொல்லில் பிள்ளையின் மானமும் போய்விடுகிறது, அந்தப் படிப்பின் மதிப்பும் போய்விடுகிறது.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் இடைநிலைப்பள்ளி ஆசிரியர். முன்பு வாழ்வியல் திறன் போதித்தேன். 2017இல் புதிய கலைத்திட்டம் வந்த பிறகு வடிவமைப்பும் தொழில்நுட்பமும். பட்டறையில் பிள்ளைகளோடு பழகுகிறவன் என்பதால், ஆண்டுக் கடைசியில் பெற்றோர் என்னைத் தேடி வருவார்கள். அந்த அம்மாவிடம் அரை மணி நேரத்தில் அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஆற அமர எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. முன்பெல்லாம் மூன்றாம் படிவ முடிவில் ஒரு தேர்வு முடிவுத் தாள் வரும். பிஎம்ஆர், அப்புறம் 2014 முதல் பிடி3. எத்தனை ஏ என்று பார்த்து, அதற்கேற்ப முடிவெடுத்தார்கள். அது சரியான வழி என்று சொல்லமாட்டேன்; ஆனால் எல்லாருக்கும் புரிகிற வழி. 2022இல் பிடி3 ரத்தானது. இப்போது கையில் இருப்பவை வகுப்பறை மதிப்பீடு, ஆண்டிறுதித் தேர்வு, புறப்பாட நடவடிக்கைப் புள்ளி, ஆர்வத்தையும் இயல்பையும் அளக்கும் உளவியல் மதிப்பீடு. இந்தக் கடைசித் தாளைப் பெரும்பாலான பெற்றோர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. தயவுசெய்து பாருங்கள். பிள்ளை எந்த மாதிரி வேலையில் நாட்டம் காட்டுகிறான் என்பதற்கு அதில் ஒரு சாடை இருக்கும். ஆலோசக ஆசிரியரிடம் கேட்டால் விளக்கிச் சொல்வார்.

சரி, 15 வயதுப் பிள்ளைக்கு முன்னால் என்னென்ன வழிகள்?

அதே பள்ளியில் நான்காம் படிவத்துக்குப் போய், ஐந்தாம் படிவ முடிவில் வழக்கமான அரசுத் தேர்வான எஸ்பிஎம் எழுதலாம். அதே எஸ்பிஎம்-இல் எம்பிவி என்கிற தொழிற்பாடம் ஒன்றைத் தேர்வுப் பாடமாக எடுக்கலாம். பள்ளியில் பிவிஎம்ஏ என்கிற மேல்நிலைத் தொழிற்கல்வித் திட்டம் இருந்தால், குறைந்த பாடங்களோடு எஸ்பிஎம்மும் இரண்டாம் நிலைத் திறன் சான்றிதழும் சேர்த்து வாங்கலாம். பள்ளியை விட்டுத் தொழிற்கல்லூரிக்குப் போய் எஸ்விஎம் என்கிற தொழிற்கல்விச் சான்றிதழ், அதைத் தாண்டி டிப்ளோமா படிக்கலாம். இல்லையென்றால் எஸ்பிஎம்மை முடித்துவிட்டு 17, 18 வயதில் தொழிற்பயிற்சிப் பக்கம் திரும்பலாம்.

முதல் வழியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இயற்பியலும் கூடுதல் கணிதமும் பிடித்து, மெட்ரிகுலேஷன் அல்லது ஆறாம் படிவம் வழியாகப் பல்கலைக்கழகம் போக நினைக்கிற பிள்ளை அங்கேயே இருக்கட்டும். மருத்துவம், சட்டம், மருந்தியல் என்று மனம் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். ஆனால் வேதியியல் வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, “சயன்ஸ் எடுத்தால்தான் மதிப்பு” என்று அதிலேயே பிடித்து வைப்பது இரண்டு வருடத்தை வீணாக்கும் வேலை. 2020 முதல் நான்காம் படிவத்தில் பழைய அறிவியல், கலைப் பிரிவு இல்லை. பாடத் தொகுப்புகள்தான் இருக்கின்றன. தொழிற்பாடம் உள்ள தொகுப்பும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) கணக்கில்தான் வருகிறது. இது பல வீடுகளுக்கு இன்னும் தெரியாது.

எம்பிவி 2002இல் சாதாரணப் பள்ளிகளுக்குள் வந்தது. மொத்தம் 22 பாடங்கள். வீட்டு வயரிங், குழாய் வேலை, வெல்டிங், மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பது, ஏர்கோன் சர்விஸ், தையல், கேட்டரிங், முக அழகும் தலையலங்காரமும், குழந்தை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, கிராபிக் வடிவமைப்பு என்று போகும். எந்தப் பள்ளியிலும் எல்லாம் இருக்காது. ஒன்றோ இரண்டோ இருக்கும், சில பள்ளிகளில் ஒன்றும் இருக்காது. ஆகவே பிள்ளைக்கு வெல்டிங் பிடிக்கும், பள்ளியில் இருப்பதோ கேட்டரிங் என்றால் இந்த வழி அவனுக்கு வழியே இல்லை.

இருக்கிற பள்ளியில் இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. பிள்ளை கூட்டாளிகளை விட்டுப் பிரிய வேண்டியதில்லை. மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு எல்லாம் வழக்கம்போல் எழுதுகிறான். புள்ளிகளில் பெரும் பங்கு பட்டறையில் செய்து காட்டும் வேலைக்கு என்பதால், தேர்வு மண்டபத்தில் கை நடுங்குகிற பிள்ளைக்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஆனால் ஒரு பாடம் எடுத்ததால் யாரும் வயர்மேன் ஆகிவிட முடியாது. அது ருசி பார்ப்பது மாதிரி. இரண்டு வருடம் ருசி பார்த்து, “இது எனக்கு வேண்டாம் சார்” என்று சொல்கிற பிள்ளைக்கும் அது லாபம்தான். எஸ்பிஎம் சான்றிதழ் முழுசாகக் கையில் இருக்கும்.

பிவிஎம்ஏ கொஞ்சம் கெட்டியானது. இதில் கிடைப்பது எஸ்கேஎம் என்கிற மலேசியத் திறன் சான்றிதழின் இரண்டாம் நிலை. இது கல்வி அமைச்சு கொடுக்கும் தாள் இல்லை. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொடுப்பது. ஒன்று முதல் மூன்று வரை எஸ்கேஎம், நான்காவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. ஆக, 17 வயதில் இரண்டாம் நிலையோடு வெளியே வருகிற பிள்ளை ஏணியில் ஏற்கனவே இரண்டு படி ஏறிவிட்டான்.

எஸ்கேஎம் எப்படி மதிப்பிடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓர் ஆசிரியனாக என் மனத்தை மாற்றியது அதுதான்.

ஒரு பள்ளியில் மதிப்பீடு நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிளைவூட் பலகை ஒன்றைச் சுவரில் நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒரு சிறிய வீட்டுக்கு உரிய வயரிங்கை ஒரு மாணவன் போட வேண்டும். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, மூன்று பிளக் பாயிண்ட், பியூஸ் பெட்டி. கையில் வரைபடம். வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராதவன் என்று ஆசிரியர்கள் கை விரித்த பையன் அவன். அன்றைக்கு இரண்டு மணி நேரம் நிமிரவே இல்லை. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று வயரை அளந்து வெட்டினான். முனைத் தோலை உரிக்கும்போது உள்ளே இருக்கும் செம்பில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அப்படியே முடுக்கியிருந்தால் விளக்கு எரிந்திருக்கும். அவன் ஒரு நொடி யோசித்தான். அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி உரித்தான். முடித்ததும் மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் வயரின் காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்தான், அளவைத் தாளில் குறித்தான், அதற்குப் பிறகுதான் “சார், ஓன் பண்ணலாம்” என்றான்.

இதற்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி இல்லை. ‘தெராம்பில்’ என்றோ ‘பெலும் தெராம்பில்’ என்றோ எழுதுவார்கள். தேர்ந்துவிட்டான், இன்னும் தேரவில்லை. தேரவில்லை என்றால் மறுபடி பழகிச் செய்து காட்டலாம். தோற்றுவிட்டான் என்ற சொல்லே அந்தத் தாளில் கிடையாது. பயிற்றுநர் ஒருவர் மதிப்பிடுவார், மையத்திலேயே இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார், கடைசியில் வெளியிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து கோப்பு கோப்பாகப் பார்த்து உறுதிசெய்வார். ஒவ்வொரு வேலைக்கும் தாள், ஒவ்வொரு தாளுக்கும் கையெழுத்து. ஆசிரியருக்கு முதுகு ஒடியும். ஆனால் “இந்தப் பிள்ளைக்கு இது தெரியும்” என்று அந்தச் சான்றிதழ் சொன்னால் அது உண்மை. நாங்கள் கொடுக்கும் எத்தனை ரிப்போர்ட் கார்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

இந்தத் திட்டத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் ஆசிரியரைப் பொறுத்தது. அந்தத் துறையில் எஸ்கேஎம்மும், பயிற்றுநருக்கான தனிச் சான்றிதழும் உள்ளவர்தான் இதை நடத்த முடியும். நான் முன்பு வேலை செய்த பள்ளி ஒன்றில் அப்படி ஒருவர் இருந்தார். நான்காம் படிவ நடுவில் அவருக்கு இடமாற்றம் வந்தது. மாற்று ஆள் வர ஏழு மாதம் ஆனது. பட்டறைக்குப் பூட்டு. 18 பிள்ளைகள் அந்த நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாடங்கள் ஏற்கனவே குறைவு என்பதால், சாய்ந்துகொள்ள வேறு எதுவும் இல்லை. அவர்களில் பாதிப் பேர் முழுச் சான்றிதழ் இல்லாமல்தான் வெளியே போனார்கள். அது இன்றைக்கும் என் மனத்தில் கிடக்கிறது. ஆகவே பிவிஎம்ஏ என்றால், திட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். நடத்துகிறவர் யார், எத்தனை வருடமாக இருக்கிறார், அவருக்குத் துணையாக இன்னொருவர் உண்டா, போன அணியில் எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்.

இப்போது தொழிற்கல்லூரி. அந்த அம்மாவின் கையில் இருந்த தாள்.

பழைய தொழில்நுட்ப, தொழிற்பள்ளிகளை 2012 முதல் கல்வி அமைச்சு தொழிற்கல்லூரிகளாக மாற்றியது. பினாங்குத் தீவில் பத்து லாஞ்சாங், பாலிக் பூலாவ். இந்தப் பக்கம் செபராங் பிறை, நிபோங் திபால். மூன்றாம் படிவம் முடித்த பிள்ளை இங்கே வந்தால் எஸ்பிஎம் எழுதமாட்டான். எஸ்விஎம் எழுதுவான். நல்ல தேர்ச்சி இருந்தால் தொடர்ந்து டிப்ளோமா, அதில் தொழிற்சாலையிலோ நிறுவனத்திலோ சில மாதங்கள் நேரடிப் பயிற்சி. படித்து வருகிறவர்களில் 70 விழுக்காட்டினர் வேலைக்கு, 20 விழுக்காட்டினர் மேற்படிப்புக்கு, 10 விழுக்காட்டினர் சொந்தத் தொழிலுக்கு என்பதுதான் இதை அமைத்தபோது வைத்த இலக்கு. இதை மனத்தில் வையுங்கள். இந்த இடம் முதலில் வேலைக்காகக் கட்டப்பட்டது. பல்கலைக்கழகம் போகலாம், அதற்கு வழி இருக்கிறது, ஆனால் அது பக்கத்துக் கதவு.

அந்தப் பக்கத்துக் கதவு எங்கே திறக்கிறது? டிப்ளோமாவில் நல்ல தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள். மலாக்காவில் ஒன்று, ஜொகூரில் ஒன்று, பகாங்கில் ஒன்று, பினாங்குக்குக் கிட்டத்தில் பெர்லிஸில் ஒன்று. டிப்ளோமாவின் அங்கீகாரம் தொடர்பாக முதல் சில அணிப் பிள்ளைகள் குழம்பி, காத்திருந்து அல்லல்பட்டார்கள். அந்தக் கதை சொந்தபந்தத்தில் யாரோ ஒருவர் மூலம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அது பழைய பயம். ஆனாலும் நீங்கள் சேர்க்கப்போகிற துறையின் டிப்ளோமா, எம்கியூஏ என்கிற தரநிர்ணய நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

எஸ்விஎம் தாளை யார் மதிப்பார்கள் என்ற கேள்வியும் எப்போதும் வரும். அரசாங்க வேலைக்கு அது மூன்று பாடங்களில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) உள்ள எஸ்பிஎம்முக்கு நிகர். ஆனால் சும்மா இல்லை. கல்விப் பாடங்களில் சராசரி தரப்புள்ளி 2.00, தொழிற்பாடங்களில் 2.67, எல்லாத் தொழிற்பகுதியிலும் தேர்ச்சி, அதோடு மலாய்மொழித் தாளில் கிரெடிட். இந்த மலாய்த்தாள் எஸ்பிஎம் மலாய்மொழிக்குச் சமமாக வைக்கப்படுவது. இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் வழுக்குகிறார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாயில் பழகுவதற்கான புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்து, மூன்றாம் படிவம் வரை மலாயில் தட்டுத்தடுமாறி வந்தவன், “அங்கே கைவேலைதானே, மலாய் எதற்கு” என்று நினைத்துப் போகிறான். வெல்டிங்கில் முதல் ஆளாக வருவான். மலாயில் கிரெடிட் இல்லாததால் தாள் பாதி மதிப்போடு நிற்கும். தொழிற்கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு மலாய் டியூஷன் வையுங்கள் என்று நான் சொல்லும்போது பெற்றோர் வியப்பாகப் பார்க்கிறார்கள். அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தனியார் கம்பெனிகளைப் பொறுத்தவரை, பெரிய தொழிற்சாலைகளுக்கு எஸ்விஎம், எஸ்கேஎம் எல்லாம் பழகிவிட்டது. பாயான் லெப்பாசில் 1972இல் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து டெக்னீஷியன் தேவை குறைந்ததே இல்லை. இப்போது பத்து கவான் வேறு வளர்ந்து நிற்கிறது. சின்னக் கடைகளில், ‘எஸ்பிஎம் எங்கே தம்பி?’ என்று கேட்கிற முதலாளிகள் இன்னும் உண்டு. எஸ்விஎம் என்றால் என்ன என்று பிள்ளையே விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தொழிற்கல்லூரியின் பெரிய பலம், நேரம். பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் பட்டறை. அங்கே நாள் நாளாகப் பட்டறை. நல்ல வெல்டிங்கைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். நடுவில் வெடித்து வெடித்து வந்தால் கை ஆடுகிறது என்று பொருள். அந்தச் சீரைப் பிடிக்க நூற்றுக்கணக்கான கம்பிகளைக் கரைத்தாக வேண்டும். அந்தக் கம்பிக்கும் இரும்புத் தகட்டுக்கும் சாதாரணப் பள்ளியில் பணம் இருக்காது.

பெரிய பலவீனம், திரும்பி வருவது கடினம். ஆறு மாதம் கழித்து “எனக்குப் பிடிக்கலை” என்று வந்தால், நான்காம் படிவத்தில் கூட்டாளிகள் எங்கேயோ போயிருப்பார்கள். ஆறாம் படிவத்துக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் போகிற பாதை இதில் இல்லை. 15 வயதில் விடுதி வாழ்க்கை வேறு. நம் பிள்ளைகள் ஒரு வகுப்பில் ஒருவர், இருவர்தான் இருப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சிலர் அதில் நன்றாகத் தேறி, மலாயும் சரளமாகி வருகிறார்கள். சிலர் தனிமை தாங்காமல் ஹரி ராயா விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவே இல்லை.

இன்னொன்று தமிழ். எஸ்பிஎம்-இல் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எழுதலாம். தொழிற்கல்லூரியின் பாடத்தில் தமிழ் இல்லை. ஒரு தமிழாசிரியர் நண்பர், “இருக்கிற நாலு பேரையும் அங்கே அனுப்பிவிட்டால் என் வகுப்பு என்ன ஆகும்?” என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் வகுப்பைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் வழியை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் தமிழ்ப் பத்திரிகை வாங்குங்கள், பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் தமிழிலேயே எழுதுங்கள் என்றுதான் பெற்றோரிடம் சொல்கிறேன். தமிழ் கட்டாயம் எழுதியே ஆக வேண்டும் என்று நினைக்கிற குடும்பத்துக்கு எம்பிவியே பொருத்தம்.

கடைசி வழி, எஸ்பிஎம் முடித்துவிட்டுப் போவது. இதற்கு இந்தப் பக்கம் இடங்கள் நிறைய. கெப்பாலா பத்தாசில் ஐஎல்பி என்கிற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம், புக்கிட் மின்யாக்கில் ஜப்பான் ஒத்துழைப்போடு வந்த ஜேஎம்டிஐ தொழில்நுட்பப் பயிற்சி நிலையம், பெர்மாத்தாங் பாவில் பாலிடெக்னிக், தீவில் தொழிற்சாலைகளே சேர்ந்து 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம். திறன் பயிற்சிக்குக் கடன் கொடுக்கத் தனி நிதியமும் இருக்கிறது. 17 வயதில் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரியும். பாலிடெக்னிக்குக்குப் பொதுவாக மூன்று கிரெடிட்டும், மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சியும் வேண்டும். பொறியியல் பக்கம் என்றால் கணிதம் முக்கியம். மலாயோ வரலாறோ போனால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். வரலாற்றுக்கு அந்த நிபந்தனை 2013இல் வந்தது. இரண்டையும் திரும்ப எழுத வழி உண்டு. இந்த வழியின் ஆபத்து, நடுவில் உள்ள அந்த இரண்டு வருடம். கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளை ஐந்தாம் படிவம் வரை தாக்குப்பிடிக்காமல் பள்ளிக்கு மட்டம் போட ஆரம்பித்து, மோட்டார் கடையில் நாள் கூலிக்கு நின்றுவிடுவான். சான்றிதழ் எதுவும் இல்லாமல். நான் இழந்த மாணவர்களில் அதிகம் பேர் இந்த இடைவெளியில் விழுந்தவர்கள்தான்.

எந்த வழியில் போனாலும், சில தொழில்களுக்குப் படிப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. வயரிங் வேலையை முறைப்படி செய்து கையெழுத்துப் போட எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கட்டுமானத் தளத்தில் கால் வைக்கக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் சிஐடிபி கார்டு வேண்டும். படிக்கிற இடத்தில் இதற்கும் சேர்த்துத் தயார்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒன்றும் படிக்காமல் தொழிற்சாலைக்குப் போகிறவனுக்கும் அதுதான். அதைத் தாண்டி மேலே தூக்குவது இந்த மாதிரி உரிமச் சான்றிதழ்கள்தான்.

அப்பாக்களைப் பற்றி எழுதாமல் விட முடியாது. தொழிற்கல்விக்கு அதிகம் எதிர்ப்பு வருவது உடலை வருத்தி உழைக்கிற அப்பாக்களிடமிருந்து. நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிள்ளையாக வளர்ந்து, பட்டணத்துக்கு வந்து லோரியிலோ துறைமுகத்திலோ தேய்ந்தவர்கள். “என் கை பட்டது போதும் சார், அவன் கையில் பேனா இருக்கட்டும்” என்று ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்பு காய்ப்பாக இருந்தது. அந்தக் கைக்கு முன்னால் நான் வாதாடவில்லை. அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். உங்களுக்குத் தொழில் தெரிந்திருந்தும் தாள் இல்லாததால் மேஸ்திரி சொன்ன கூலிக்கு நின்றீர்கள். அதே கைக்கு மூன்றாம் நிலைச் சான்றிதழ் இருந்திருந்தால் கூலியை நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் மகன் எஸ்பிஎம் முடித்து ஐஎல்பிக்குப் போனான்.

பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். பெண்ணென்றால் தையல், அழகுக்கலை, குழந்தை பராமரிப்பு என்று நாமே படிவத்தை நிரப்பிவிடுகிறோம். என் மாணவி ஒருத்தி எலக்ட்ரானிக்ஸ் கேட்டாள். சால்டரிங் செய்யும்போது அவள் கை மற்ற எல்லாரையும்விட நிதானம். ஈயம் மணி மணியாக விழும். வீட்டில் கேட்டரிங்கில் போட்டார்கள். ஒரு வருடத்தில் நின்றுவிட்டாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் பலமாக நான் பேசியிருக்க வேண்டும்.

ஆக, என் தீர்ப்பு என்ன என்று கேட்டால்: பிள்ளை தானாக, யாரும் சொல்லாமல், ஒரே வகை வேலையைத் திரும்பத் திரும்பத் தேடிப் போகிறானா? விடுதியில் இருந்து சமாளிப்பானா? மலாயில் கிரெடிட் வாங்க உழைப்பானா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தொழிற்கல்லூரிக்கு அனுப்புங்கள், காத்திருக்காதீர்கள். ஆர்வம் இருக்கிறது, எதில் என்று தெரியவில்லை என்றால் பள்ளியிலேயே எம்பிவியோடு எஸ்பிஎம். ஆசிரியர் நிலையாக இருக்கிற பள்ளி என்றால் பிவிஎம்ஏ இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி. படிப்பே ஏறவில்லை, வேறு வழியில்லை என்பதற்காக மட்டும் தொழிற்கல்லூரிக்கு அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கேயும் கணக்கு இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, அறிக்கை எழுத வேண்டும். இங்கே மனம் உடைந்து போகிறவன் அங்கே போய் ஒட்டிக்கொள்ளமாட்டான்.

அந்த அம்மாவிடம் நான் முடிவு சொல்லவில்லை. நேர்காணலுக்கு முன்னால் ஒரு நாள் குடும்பமாகப் போய்ப் பட்டறையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, துணி போர்த்திக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே படிக்கிற பிள்ளை ஒருவனைப் பிடித்து, இந்த வாரம் கையால் என்ன செய்தாய் என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் யாராவது இருந்தால் விடுதிச் சாப்பாடு எப்படி, ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்று விசாரியுங்கள்.

போன சனிக்கிழமை அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. போய்ப் பார்த்தார்களாம். அப்பாவும் விடுப்பு எடுத்து வந்திருக்கிறார். வாகனப் பட்டறையில் ஒரு டீசல் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார்களாம். அப்பா அதையே சுற்றிச் சுற்றி வந்து, ஒரு பாகத்தைக் காட்டி இது என்ன என்று மகனிடம் கேட்டிருக்கிறார். அவன் இன்ஜெக்டர் என்று சொல்லி, அது எப்படி வேலை செய்கிறது என்றும் விளக்கியிருக்கிறான். பதினெட்டு வருடமாக லோரி ஓட்டுகிறவர், இதை இவன் எங்கே படித்தான் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாராம். இன்னும் முடிவு செய்யவில்லை. நேர்காணலுக்கு அவனோடு அப்பாதான் போகிறார்.